திருவிழாவுக்குப் பிறகு வளவில் நின்ற வீட்டு பஸ்: செத்த பற்றரியும் ‘டிக்’ என்று மட்டும் கேட்கும் ஜெனரேற்றரும்

தம்பி, நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிழையென்றால் திருத்துங்கள். சுவிஸில் இருக்கும் அண்ணர் ஒரு பழைய டொயோட்டா கோஸ்ரர் பஸ்ஸை வாங்கி, உள்ளே கட்டில், குசினி, பிறிட்ஜ் எல்லாம் பூட்டி வீடுபோல ஆக்கியிருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து குடும்பத்தோடு ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். பஸ் ஐந்து மாதமாகக் கொக்குவில் வளவில் நிற்கிறது. இப்போது திறப்பைத் திருப்பினால் பஸ் எஞ்சின் ஒரே அடியில் ஸ்ராட் ஆகிறது. ஆனால் உள்ளே ஒரு லைற்கூட எரியவில்லை, தண்ணீர்ப் பம் ஓடவில்லை, பக்கப் பெட்டிக்குள் இருக்கும் பெற்றோல் ஜெனரேற்றரின் சுவிச்சை அழுத்தினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். ஒருவர் இரண்டு பற்றரியும் புதிதாக வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் ஜெனரேற்றரைக் கழற்றி இறக்கச் சொல்கிறார். அண்ணர் அடுத்த மாதம் வருகிறார்.

இரண்டையும் இப்போது செய்யவேண்டாம். பற்றரி செத்தது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதை எது சாகடித்தது என்று கண்டுபிடிக்காமல் புதிதைப் பூட்டினால் அதுவும் அதே வழியில் போகும். ஜெனரேற்றரைப் பற்றி என் கணிப்பு, அதன்மேல் இன்னும் குற்றம் சொல்ல இடமில்லை என்பதுதான். உங்களுடையதைப் போன்ற உள்ளே பூட்டிய ஜெனரேற்றர் சுற்றுவதற்கு வேண்டிய கறண்டை வீட்டுப் பற்றரியில் (உள்ளே லைற்றுக்கும் பம்முக்கும் கறண்ட் தரும் பற்றரியில்) இருந்துதான் எடுக்கும். பற்றரி இறங்கினால் ஜெனரேற்றர் சுற்றாது, அது சுற்றாவிட்டால் பற்றரி ஏறாது. அந்த ‘டிக்’ சத்தம் ரிலே, அதாவது கறண்டால் இழுபடும் சுவிச், இழுக்கும் சத்தம். ரிலேயை இழுக்கச் சொற்பக் கறண்ட் போதும், ஸ்ராட்டரைச் சுற்றத்தான் போதாமல் இருக்கிறது.

பஸ் ஸ்ராட் ஆகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யவேண்டாம். அதற்கு வேறு பற்றரி. கோஸ்ரர் 24 வோல்ற் வண்டி: இரண்டு 12 வோல்ற் பற்றரியைத் தொடராகப் பூட்டியிருப்பார்கள், எஞ்சின் ஓடும்போது 28 வோல்ற் அளவில் நிற்கும். உங்கள் வீட்டுப் பகுதி 12 வோல்ற். ஆகவே யாராவது வந்து, “பஸ் பற்றரியில் இருந்து ஒரு ஜம்பர் வயர் குடுத்துப் பாப்பமே” என்று சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். 24 வோல்ற்றை 12 வோல்ற் பகுதிக்குள் விட்டால் லைற்றுகளும் பிறிட்ஜின் சேர்கிட் போட்டும் அந்த நிமிடமே போகக்கூடும், பற்றரி கொதிக்கும். உதவிக் கறண்ட் வேண்டுமானால் பக்கத்து வீட்டுக் காரிலோ வானிலோ எடுங்கள். அதற்கும் முன்பு மீற்றரில் அது 12 தான் என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

இப்போது வேலை. ஒரு டிஜிற்றல் மல்ரிமீற்றர் வேண்டும், விலை குறைந்தது போதும். டிசி 20 வோல்ற்றில் வைத்து, பற்றரியின் ஈய முனையிலேயே ஊசியைக் குத்துங்கள். முனையைப் பிடித்திருக்கும் கிளிப்பில் குத்தவேண்டாம். இந்த வித்தியாசம் முக்கியம். முனையில் 12.5 காட்டி, ஒரு சாண் தள்ளிக் கேபிளில் 3 காட்டினால் பற்றரியில் பிழையில்லை, இடையில் கறள். காரைநகர் கசூரினாக் கடற்கரையிலும் மணற்காட்டிலும் நிறுத்திய வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள், உப்புக்காற்று செம்பையும் ஈயத்தையும் எவ்வளவு கெதியாகத் தின்னும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் அப்பச்சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, பற்றரி மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். சோடா பற்றரிக்குள் போனால் அசிட் கெட்டுவிடும். காய்ந்தபின் முனையைச் சாண்ட் பேப்பரால் மினுக்கி, இறுக்கிப் பூட்டி, மேலே வஸ்லின் பூசுங்கள். நெகற்றிவ் கேபிள் வண்டியின் சட்டத்தில் பூட்டியிருக்கும் இடத்தையும் மறக்கவேண்டாம். அது அடியில் மறைந்திருப்பதால் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை.

அதோடு பற்றரிக்குக் கிட்ட ஒரு பெரிய பியூஸும் ஒரு கட்-ஓஃப் சுவிச்சும் இருக்கும். அண்ணர் போகும்போது அந்தச் சுவிச்சைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தால் உங்கள் பிரச்சினை முழுவதும் அங்கேயே முடியக்கூடும். சிரிக்கவேண்டாம், அப்படி இரண்டு வண்டி பார்த்திருக்கிறேன்.

முனையில் வரும் எண் என்ன சொல்கிறது? சாதாரண ஈய பற்றரி சார்ஜும் இல்லாமல் பாவனையும் இல்லாமல் சில மணித்தியாலம் ஓய்ந்து நின்றால், நிறைந்தது 12.6, 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் வெறுமை. உங்களுடையது ஐந்து மாதத்துக்குப் பிறகு 4, 5 என்று காட்டினால் நான் வியக்கமாட்டேன். ஈய பற்றரி வெறுமையாக நிற்கும்போது தட்டுகளில் ஈயசல்பேற்று படியும். உடனே சார்ஜ் செய்தால் அது திரும்பக் கரையும், வாரக்கணக்கில் விட்டால் கல்லுப்போல இறுகும். யாழ்ப்பாணத்து வெக்கை இதை இன்னும் கெடுக்கும்: வெப்பம் 10 பாகை கூடினால் பற்றரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எனவே ஒன்றாவது போயிருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆனால் சோதித்துப் பார்க்கச் செலவில்லை.

பஸ்ஸில் லிதியம் பற்றரி இருந்தால் மேலே சொன்ன எண்கள் பொருந்தாது. அதற்குள் இருக்கும் காவல் போட் அளவுக்கு மீறி இறங்கியதும் தன்னை மூடிக்கொள்ளும், மீற்றர் பூச்சியம் காட்டும். லிதியத்துக்கென்று அமைத்த சார்ஜரைப் பூட்டினால் பெரும்பாலும் கண் விழிக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் ஆறு மூடி தெரிகிறது, ஆகவே உங்களுடையது தண்ணீர் ஊற்றும் ஈய பற்றரி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டும் 12 வோல்ற், 100 அம்பியர்-மணி (எவ்வளவு கறண்டைச் சேமிக்கும் என்ற அளவு), பொசிற்றிவ்வோடு பொசிற்றிவ், நெகற்றிவ்வோடு நெகற்றிவ் என்று பக்கவாட்டில் இணைத்தவை. முதலில் இரண்டையும் பிரியுங்கள். சேர்ந்திருக்கும்வரை கெட்டது நல்லதைக் குடித்துக்கொண்டிருக்கும், எது எதுவென்று தெரியவராது. நெகற்றிவ்வை முதலில் கழற்றுங்கள். மூடிகளைத் திறந்து பாருங்கள். தட்டு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் தட்டு மூடும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீர் விடுங்கள், மிச்சத்தைச் சார்ஜ் முடிந்தபின் விடலாம். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, கேத்திலின் அடியில் படியும் வெள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்தக் கல்லும் உப்பும் தட்டுக்குப் போகவேண்டாம். வடிகட்டிக் கொதிக்கவைத்தாலும் உப்புப் போகாது.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக, 10 அம்பியரில், காற்றோட்டமான இடத்தில் சார்ஜுக்குப் போடுங்கள். விறாந்தை நல்லது, படுக்கும் அறை கூடாது. சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வரும், ஒரு தீப்பொறி போதும். புதிய ரக ‘புத்தியுள்ள’ சார்ஜர்கள் மிக இறங்கிய பற்றரியைக் கண்டால் தொடங்காமலே நின்றுவிடும், பலர் அதைப் பார்த்துத்தான் பற்றரி செத்தது என்று தூக்கி எறிகிறார்கள். ஒரு நல்ல 12 வோல்ற் பற்றரியைப் பொசிற்றிவ்வுக்குப் பொசிற்றிவ், நெகற்றிவ்வுக்கு நெகற்றிவ் என்று பக்கத்தில் இணைத்து, சார்ஜரைப் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து நல்லதைக் கழற்றிவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் நின்று கவனியுங்கள். பெட்டி கையைச் சுடும் அளவுக்குக் காய்ந்தாலோ, ஐந்து அறை (ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஒரு அறை) நுரைத்து ஆறாவது சும்மா கிடந்தாலோ நிறுத்துங்கள். அந்தப் பற்றரிக்கு அறை ஒன்று போய்விட்டது. நுரைக்கும் பற்றரிக்கு 12இலிருந்து 24 மணித்தியாலம் கொடுங்கள், அவசரப்படவேண்டாம்.

சார்ஜ் முடிந்ததும் ஒரு இரவு ஓயவிட்டு அளவுங்கள். 12.6 காட்டினால் பாதி வெற்றிதான். இறுகிப்போன பற்றரியும் வெறும் எண்ணில் நல்லபிள்ளைபோல நிற்கும், பாரம் கொடுத்தால்தான் உண்மை வரும். இதற்குக் கடை மெசின் தேவையில்லை. 12 வோல்ற், 60 வாற் ஹெட்லைற் பல்ப் ஒன்றைப் பூட்டுங்கள். அது 5 அம்பியர் அளவில் இழுக்கும். 100 அம்பியர்-மணி பற்றரியின் கொள்ளளவு அளக்கப்படுவதும் அதே 5 அம்பியரில், 20 மணித்தியாலக் கணக்கில்தான். எனவே நல்ல பற்றரி பத்து மணித்தியாலம் எரித்தும் பாதி மிச்சம் வைத்திருக்கவேண்டும். பல்ப் எரிந்துகொண்டிருக்கையில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் 11.5க்குக் கீழே போனால் அந்தப் பற்றரியை நம்பி மாங்குளம்வரைகூடப் போகமுடியாது. பல்ப் நன்றாகக் கொதிக்கும், சீமெந்துத் தரையிலோ கல்லிலோ வையுங்கள்.

ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்று வந்தால் காசு மிச்சம் பிடிக்க ஒன்றை மட்டும் மாற்றத் தோன்றும். வேண்டாம். புதிதும் பழையதும் சேர்ந்தால் பழையது புதிதைத் தன் வயதுக்கு இழுத்துவிடும். நல்லதாக வந்த பழையதை வீட்டில் கறண்ட் போகும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எது குடித்தது என்ற கேள்வி. நான் இந்த வேலையில் மிகவும் வெட்கப்பட்டது இதில்தான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கறண்ட் வெட்டிய காலத்துக்குப் பிறகு, ஒரு குடும்பத்தின் வானுக்கு இரண்டு புதுப் பற்றரி பூட்டிக் கொடுத்தேன். மூன்று கிழமையில் இரண்டும் வெறுமை. கடைக்காரர்மேல் கோபப்பட்டு, பற்றரியை மாற்றி வாங்கி, திரும்பப் பூட்டினேன். மறுபடியும் மூன்று கிழமை. பிறகுதான் அம்பியர் அளந்தேன். சமையல் காஸ் கசிவைக் காட்டும் சின்னக் கருவி ஒன்றும், ‘ஓஃப்’ செய்ததாக நினைத்த இன்வேற்றரும் (பற்றரிக் கறண்டை 230 வோல்ற்றாக மாற்றும் பெட்டி) கட்-ஓஃப் சுவிச்சுக்கு முந்தியே பூட்டப்பட்டிருந்தன. நான் முதல்நாளே அளந்திருந்தால் அவர்கள் காசைக் காப்பாற்றியிருக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் இரண்டு பற்றரியும் சேர்ந்து 200 அம்பியர்-மணி. ஐந்து மாதம் என்றால் 150 நாள். வெறும் 55 மில்லி அம்பியர் இடைவிடாது ஓடினாலே நாளுக்கு 1.3 அம்பியர்-மணி, 150 நாளில் 200உம் முடிந்துவிடும். தானாக இறங்குவது வேறு. வேலையில்லாமல் விழித்துக்கொண்டு மட்டும் இருக்கும் ஒரு இன்வேற்றர் 0.8 அம்பியர் எடுத்தால் பத்தே நாளில் முடியும்.

மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, நெகற்றிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் இடையில் மீற்றரைத் தொடராக வையுங்கள். உள்ளே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் படியுங்கள். மேலே சொன்ன கணக்குப்படி 0.05 அம்பியரே ஐந்து மாதத்தில் பற்றரியை முடித்துவிடும், ஆகவே எண் அதற்கு வெகு கீழே இருக்கவேண்டும். கூட இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக இழுங்கள், எதை இழுக்கும்போது எண் விழுகிறதோ அந்த வரிசையில்தான் கள்ளன். எல்லாப் பியூஸையும் இழுத்தும் விழவில்லை என்றால் பியூஸ் பெட்டிக்கு வெளியே நேரே பற்றரியில் ஏதோ பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். மீற்றர் இடையில் இருக்கும்போது ஜெனரேற்றர் சுவிச்சை மட்டும் அழுத்தவேண்டாம், மீற்றருக்குள் இருக்கும் பியூஸோ மீற்றரோ போய்விடும்.

பிறகு சார்ஜ் வரும் வழி. பஸ் 24, வீடு 12 என்பதால் இடையில் 24இலிருந்து 12க்கு மாற்றும் சார்ஜர் ஒன்று இருக்கவேண்டும். இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சிலர் அந்தச் செலவை மிச்சம் பிடிக்க, பஸ்ஸின் இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற் வயர் இழுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த ஒன்று எப்போதும் பட்டினி, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். பஸ் பற்றரி இரண்டையும் தனித்தனியே அளந்தால் தெரிந்துவிடும், இரண்டும் ஏறக்குறைய ஒரே எண் காட்டவேண்டும். எஞ்சினை ஓடவிட்டு வீட்டுப் பற்றரி முனையில் அளந்தால் 14ஐத் தாண்டிப் போகவேண்டும். வீட்டுக் கறண்டில் ஓடும் சார்ஜரைப் போட்டாலும் அப்படியே, 14.4 அளவுக்கு ஏறி, நிறைந்தபின் 13.5 அளவில் நிற்கவேண்டும். பற்றரிப் பெட்டி 35 பாகையில் கொதிக்கும் இடமென்றால் இந்த எண்கள் 0.2, 0.3 குறைவாக இருப்பதுதான் பற்றரிக்கு நல்லது. வெப்பம் பார்க்கும் வயருள்ள சார்ஜர் அதைத் தானே செய்யும்.

“கிளிநொச்சிவரை ஓடிவிட்டு வந்தால் ஏறிவிடும்” என்று சொல்வார்கள். 30 அம்பியர் சார்ஜர் என்றால் அந்தப் போக்குவரத்தில் இரண்டு இரண்டரை மணித்தியாலம், 60இலிருந்து 75 அம்பியர்-மணி. வெறுமையான 200க்கு அது மூன்றில் ஒரு பங்குதான். கொழும்புவரை 400 கிலோமீற்றர் ஓடினால்தான் அந்தப் பேச்சுச் சரிவரும்.

இப்போது நல்ல பற்றரி பூட்டியாயிற்று, ஜெனரேற்றருக்கு வருவோம். சுவிச்சை அழுத்தும்போதே பற்றரி முனையில் அளவுங்கள். 10க்குக் கீழே விழுந்தால் பற்றரி இன்னும் பலவீனம். 12இல் அசையாமல் நின்று ‘டிக்’ மட்டும் கேட்டால் ரிலேயோ ஸ்ராட்டர் வயரோ. விழுந்து, சுற்றி, ஆனால் பிடிக்கவில்லை என்றால் இனிப் பெற்றோல் கதை.

எங்கள் வீட்டில் வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கும் மெசின் மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். போர்க்காலத் தடையால் பெற்றோல் போத்தலில் விலைபேசி வாங்கிய காலம், சைக்கிள் சில்லைக் கையால் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். பிடிக்காத நாளில் ஐயா முதலில் செய்வது காபரேற்றரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி உள்ளங்கையில் ஊற்றி மணந்து பார்ப்பது. நான் இன்றும் அதைத்தான் செய்கிறேன். நல்ல பெற்றோல் மூக்கில் ஏறும். ஐந்து மாதப் பெற்றோல் வார்னிஷ்போல மந்தமாக மணக்கும், கிண்ணத்தில் பழுப்புப் பசை படிந்திருக்கும். ராங்கில் இருப்பதை முழுவதும் வடித்து, கிண்ணத்தைக் கழுவி, நடுவில் இருக்கும் ஜெற்றின் நுண்துளையைச் செம்பு வயரின் ஒரு இழையால் துப்புரவாக்குங்கள். இரும்புக் கம்பி விடவேண்டாம், துளை பெரிதானால் அளவு கெட்டுவிடும். பத்துச் செக்கனுக்கு மேல் ஒரேயடியாகச் சுற்றவேண்டாம், ஒரு நிமிடம் ஆறவிட்டுத் திரும்ப முயலுங்கள்.

ஒயிலையும் பாருங்கள். ஒயில் குறைந்தால் தீப்பொறியை வெட்டிவிடும் காவல் பல ஜெனரேற்றர்களில் உண்டு, எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்காமல் நிற்கும். பஸ் ஒரு பக்கம் சரிந்து நின்றாலும் அந்தக் காவல் ஏமாறும். தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கரியை நீக்குங்கள். காற்று வடியைத் திறந்தால் செம்மண் தூசி கொட்டும். சைலன்சர் வாயிலும் காற்றுக் குழாயிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா, வயரை எலி கடித்திருக்கிறதா என்று ரோச் லைற் அடித்துப் பாருங்கள். வளவில் ஐந்து மாதம் நின்றது அல்லவா. பிடித்து ஐந்து நிமிடத்தில் தானாக நின்றால் ராங் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கும். மூடியைத் தளர்த்திவிட்டு ஓடவிட்டால் தெரியும்.

ஓடுகிறது, ஆனால் கறண்ட் வரவில்லை என்றால் முதலில் அதன் பக்கத்தில் இருக்கும் பிறேக்கரைத் தூக்கிவிடுங்கள். பிறகும் 230 வோல்ற் வராவிட்டால் அங்கே நிறுத்துங்கள். அது பிரஷ், வைண்டிங், வோல்ற்றேஜ் போட் சம்பந்தமான வேலை, மோட்டர் சுற்றுபவரிடம் கொடுக்கவேண்டியது. ஓடும் ஜெனரேற்றரின் மூடியைத் திறந்து நீங்கள் கைவைக்கவேண்டாம்.

இன்னொன்றை மன்றாடிக் கேட்கிறேன். சோதிக்கும்போது பஸ்ஸை வெளியே எடுத்து, யன்னல்களைத் திறந்து வையுங்கள். கொட்டிலுக்குள்ளோ மதில் ஓரத்திலோ ஓடவிடவேண்டாம். புகையில் வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி வந்து, நித்திரை வந்து, ஆளை எழும்பவே விடாது. அண்ணருக்குச் சொல்லுங்கள், பிள்ளைகள் உள்ளே படுத்திருக்கும்போது ஏசிக்காக ஜெனரேற்றரை இரவு முழுவதும் ஓடவிடக்கூடாது. அந்த வாயுவைக் காட்டும் கருவி ஒன்றைக் கட்டிலுக்குக் கிட்டப் பூட்டச் சொல்லுங்கள். அது பற்றரியில் இருந்து எடுக்கும் கறண்டுக்காக நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன்.

அவர் திரும்பிப் போனபிறகு பஸ் மறுபடியும் மாதக்கணக்கில் நிற்கும் என்றால், கூரையில் 100 வாற் சோலார் தட்டு ஒன்றும் சின்னக் கொன்ட்றோலரும் போதும், எங்கள் வெயிலுக்குத் தானாக இறங்குவதையும் சின்னக் கசிவையும் அது ஈடுசெய்யும். மாமரத்து நிழலில் நிறுத்தினால் பிரயோசனமில்லை, தென்னைக்குக் கீழே நிறுத்தினால் தட்டு உடையும். ஜெனரேற்றரை மாதம் ஒருமுறை அரை மணித்தியாலம், சும்மா இல்லாமல் பாதிப் பாரம் கொடுத்து ஓட்டுங்கள். அது முடியாவிட்டால் காபரேற்றர் காயும்வரை ஓட்டிப் பெற்றோலை வடித்துவிடுங்கள்.

இன்று பின்னேரம் இரண்டு பற்றரியையும் பிரித்து அளந்து இரண்டு எண்ணையும் எழுதுங்கள். ஓயவிட்டு அளந்த எண், பல்ப் போட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து வந்த எண், மூடிய பஸ்ஸில் ஓடும் மில்லி அம்பியர், இந்த மூன்றும் கைக்கு வந்தால் பற்றரி வாங்குவதா வேண்டாமா என்று அன்றைக்கே சொல்லுவேன்.